மடக்குக் கத்திக்கு என்ன குறை? குறையைப் பார்த்து அடுத்த கத்தியின் உருக்கைத் தேர்ந்தெடுக்கும் வழி

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். அந்த வளைந்த கவ்வாத்துக் கத்தி மலைக்குப் போகும்போது மட்டும் கையில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் இடுப்பு மடிப்பில் ஒரு சின்னப் பேனாக் கத்தி. பாக்குச் சீவ, சாக்கு வாய்க் கட்டை அறுக்க, காலில் ஏறிய முள்ளைக் கிளற, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். என்ன உருக்கு என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பலனில்லை, கடையில் இருந்தது ஒரே ரகம்.

இன்றைக்குக் கொழும்பிலிருந்து வரும் பார்சலில், கட்டாரிலிருந்து திரும்பும் மச்சானின் பெட்டியில், ஹட்டன் கடைத்தெருவில் என்று விதவிதமான மடக்குக் கத்திகள் வருகின்றன. அலகின் அடியில் புரியாத எண்ணும் எழுத்தும். நான் இலங்கை மலைநாட்டில், நானுஓயாப் பக்கம் லீக்ஸும் கரட்டும் போடுகிறவன். கத்தி தீட்டுவது எனக்கு ஒரு பைத்தியம். அது தெரிந்து பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், "அண்ணே, நல்ல கத்தி ஒன்று சொல்லுங்க" என்று வருவார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "இருக்கிற கத்தி உனக்கு என்ன தொல்லை கொடுத்தது?" அதைச் சொன்னால்தான் அடுத்ததை எந்த உருக்கில் வாங்கலாம் என்று சொல்ல முடியும். பல சமயம் பழைய கத்தியே சரியாகிவிடும், காசும் மிச்சம்.

ஆகவே உங்கள் கத்தி செய்யும் தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேரே போங்கள். துருவைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். நம் ஊர் மழை எந்தக் கத்தியையும் விட்டுவைக்காது.

எதற்கும் முதலில் இதைச் செய்யுங்கள்

கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். பிறகு கத்தி வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, மின்விளக்கின் கீழே மெதுவாக அசையுங்கள். கூரான வாய்க்கு அகலமே இல்லை, அதனால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பாது. எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. புள்ளி புள்ளியாக மின்னினால் பொக்கை விழுந்திருக்கிறது. அடுத்து, கட்டைவிரல் நகத்தை அலகின் பக்கவாட்டிலிருந்து வாயை நோக்கி வெளியே இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போய், மறு பக்கம் நகத்தைப் பிடித்தால் வாய் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது, இல்லையென்றால் தீட்டிய பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மழுங்கல், மடிப்பு, பொக்கை. இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் "வெட்டவில்லை" என்று தெரியும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

தீட்டினால் கூர் வருகிறது, இரண்டு நாளில் போய்விடுகிறது

நகம் வைத்துப் பார்த்ததில் வாய் மடிந்திருந்தால் உருக்கு மெது. கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். மலிவான மடக்குக் கத்திகளில் இருக்கும் 420ஜே2, 3சிஆர்13 போன்றவற்றில் கரி, அதாவது காபன், குறைவு, ஏறத்தாழ 0.3 சதவீதம். கரி குறைந்தால் தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) எவ்வளவு நன்றாகப் போட்டாலும் 50க்குச் சற்று மேலேதான் நிற்கும். அந்த வாய் பாக்கில் பட்டாலே சாய்ந்துவிடும்.

மடிந்த வாயைக் கல்லில் போட்டுத் தேய்த்துத் தீர்த்துவிடாதீர்கள். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் பக்கத்துக்கு நாலைந்து தடவை லேசாக இழுத்தால் மடிந்தது நிமிர்ந்துவிடும். என் வீட்டில் இதற்கென்றே காது உடைந்த கோப்பை ஒன்று உண்டு.

வாய் மடியாமல் வெறுமனே தேய்ந்திருந்தால் முதலில் எதை வெட்டினீர்கள் என்று யோசியுங்கள். லீக்ஸ் வேரை மண்ணோடு அறுப்பது கத்தியை மணலில் இழுப்பதற்குச் சமம். அட்டைப்பெட்டியும் அப்படித்தான், பார்த்தால் மெதுவாக இருக்கிறது, உள்ளே இருக்கும் தாதுப் பொடி வாயைத் தின்றுவிடும். இந்த வேலைக்கு எந்த உருக்கும் தேயத்தான் செய்யும், மெதுவாகத் தேய்வதும் வேகமாகத் தேய்வதும்தான் வித்தியாசம். வேரை வெட்ட அரிவாளை வைத்துக்கொண்டு மடக்குக் கத்தியைக் கட்டு அறுக்க மட்டும் எடுங்கள். பாதி முறைப்பாடு அதிலேயே தீர்ந்துவிடும்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் அடுத்த கத்தியில் கரி கூட இருக்க வேண்டும். சீனத்து எண்களைப் படிப்பது சுலபம். 8சிஆர்13எம்ஓவி என்றால் கரி ஏறத்தாழ 0.8 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். 5சிஆர்15 என்றால் கரி 0.5, குரோமியம் 15. முதல் இலக்கம் ஏறினால் கூர் நிற்கும் நாளும் ஏறும். குறைந்த காசுக்கு 8சிஆர்13எம்ஓவி நியாயமான சாமான். ஜப்பானின் ஏயூஎஸ்-8 ஏறத்தாழ அதே தரம். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சுவீடனின் 14சி28என். அதைப் பற்றித் துருவில் சொல்கிறேன்.

சுவிஸ் நாட்டு விக்டோரினாக்ஸ் கத்தியின் அலகு 55, 56 அளவில்தான் இருக்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். 1891இல் படைவீரனுக்குக் கொடுக்கத் தொடங்கிய கத்தி அது, எவன் கையிலும் எந்தக் கல்லிலும் தீட்டப்பட வேண்டும். சீக்கிரம் மழுங்கும், இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூர் வரும். கூர் நிற்கும் நாளை மட்டும் எண்ணி உருக்கை எடை போடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறவில்லை

விலை கூடிய கத்தி வாங்கியவர்களின் தொல்லை இது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கிடக்கும் கல்லில் தாத்தா தீட்டினார், அதே கல்லில் நானும் தீட்டுகிறேன், இவனுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

காரணம் கல்லில் இருக்கிறது. உருக்குக்குள் கரியும் குரோமியமும் வனேடியமும் சேர்ந்து மிக நுண்ணிய கடின மணிகள் உருவாகின்றன. அவைதான் கூரைக் காப்பவை. ஆற்றுக் கல்லில் தேய்ப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். தாத்தாவின் சாதாரண கரி உருக்கை (குரோமியம் சேராதது) அது தாராளமாகத் தின்னும். டி2 உருக்கில் கரி ஏறத்தாழ 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். அதில் உள்ள குரோமியக் கரி மணிகள் குவார்ட்ஸைவிடக் கடினமானவை. கல்தான் தேயும், கத்தி தேயாது. கடையில் விற்கும் அலுமினியம் ஒக்சைட் கல் டி2வுக்குப் போதும், பொறுமை வேண்டும். 2001இல் வந்த எஸ்30வி என்ற தூள் உருக்கில் (உருக்கைத் தூளாக்கி அழுத்திச் செய்வது) வனேடியம் 4 சதவீதம். வனேடியக் கரி மணி அந்தக் கல்லையும்விடக் கடினம். வைரத்தூள் ஒட்டிய தட்டு இருந்தால்தான் அதன் பக்கம் போகலாம்.

ஆனால் கல்லைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று சரிவு. பக்கத்துக்கு 20 பாகை என்பது பொது வேலைக்கு நல்ல அளவு. அலகு 20 மில்லிமீட்டர் அகலமென்றால் அதன் முதுகு கல்லுக்கு மேலே சுமார் 7 மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். பலர் கத்தியைப் படுக்கவைத்தே தேய்க்கிறார்கள். பக்கவாட்டில் பளபளப்பு வரும், வாயை அந்தக் கல் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. வாயில் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு இரண்டு தடவை இழுங்கள். கறுப்பு அப்படியே இருந்தால் முதுகை இன்னும் உயர்த்த வேண்டும்.

இரண்டாவது பிசிறு. ஒரு பக்கம் தீட்டி முடித்ததும் மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு கையில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படும் வரை பக்கம் மாற்றாதீர்கள். தட்டுப்பட்ட பிறகு அதை எடுத்தே ஆக வேண்டும். பழைய தோல் இடுப்புப் பட்டியில் முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து இழுப்பு. மெதுவான உருக்கில் பிசிறு போவது பெரும் பாடு. மலிவான கத்தி, தீட்டிய உடனே ரோமம் சிரைத்துவிட்டு ஒரு கயிறு அறுத்ததும் மொட்டையாகப் போனால், நீங்கள் கூர் என்று நினைத்தது பிசிறைத்தான்.

வீட்டில் பீலிக்கல் மட்டும்தான் உண்டு, வேறு வாங்கப் போவதில்லை என்றால் டி2வையும் தூள் உருக்குகளையும் கையால் தொடாதீர்கள். 12சி27, 420எச்சி, கரி உருக்கு, இவற்றில் ஒன்று போதும்.

வாய் பொக்கையாகிவிட்டது

என் சித்தப்பா ஒருமுறை டி2 கத்தியில் காய்ந்த கொட்டைப்பாக்கைப் பிளந்தார். வாயை ஊன்றிவிட்டுக் கத்தியைத் திருகினார். வெளிச்சத்தில் பார்த்தால் அரிவாள் பல் மாதிரி மூன்று ஓட்டை. "சீமைக் கத்தி என்று சொன்னாயே" என்று என்னைத்தான் ஏசினார்.

கடினமும் உறுதியும் வேறு வேறு. 60 அளவுக்குப் போன உருக்கு மடியாது. மடியாததைத் திருகினால் உடையும். டி2வில் கரி மணிகள் பெரிதாகவும் திட்டுத் திட்டாகவும் இருப்பதால் உடைப்பு அங்கிருந்து தொடங்கும். சின்னப் பொக்கையாக இருந்தால் கல்லில் தேய்த்தே எடுத்துவிடலாம். அடுத்த முறை பக்கத்துக்கு 20 பாகைக்குப் பதில் 23, 25 வைத்துத் தீட்டினால் வாய்க்குப் பின்னால் தடிப்பு கூடும், தாங்கும்.

புதுக் கத்தி முதல் வாரத்திலேயே பொக்கை விழுந்தால் உடனே உருக்கைத் திட்ட வேண்டாம். தொழிற்சாலையில் வேகமாகத் தீட்டும்போது வாயின் நுனி மட்டும் சூடேறிக் கெட்டிருப்பது உண்டு. இரண்டு மூன்று தடவை கல்லில் தீட்டி அந்த நுனியை எடுத்துவிட்டால் உள்ளே நல்ல உருக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் உடைந்தால்தான் அது கத்தியின் குணம்.

பாக்கு, திருகல், நெம்பல் என்று முரட்டு வேலை செய்கிறவர்களுக்கு 14சி28என், 12சி27 இரண்டும் நல்லவை. அவற்றில் கரி மணிகள் மிகச் சின்னவை, வாய் மெல்லியதாக இருந்தாலும் உடையாது. சரி, பாக்குக்குப் பாக்குவெட்டி இருக்கிறது என்பதை சித்தப்பாவிடம் யார் சொல்வது?

மோட்டர் சாணையில் கொடுத்த பிறகு கூரே நிற்கவில்லை

வாய் ஓரமாக மஞ்சளோ நீலமோ நிறம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டவுனில் சாணைக்காரர் ஒருவரிடம் என் கரி உருக்குக் கத்தியைக் கொடுத்தேன். தீப்பொறி பறக்க இரண்டு நிமிடத்தில் தந்துவிட்டார். நுனியில் மயில் கழுத்து நிறம். அழகுதான், அந்த இடம் செத்துப்போயிருந்தது.

கொல்லர் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பதும், பிறகு மிதமான சூட்டில் பதம் பண்ணுவதும் கடினத்தை ஓரளவில் நிறுத்துவதற்குத்தான். கரி உருக்குக் கத்திக்கு அந்தப் பதம் பொதுவாக 200 பாகை செல்சியஸை ஒட்டியது. நீல நிறம் தெரிகிறதென்றால் வாய் கிட்டத்தட்ட 300 பாகை பார்த்திருக்கிறது. பதம் அங்கே இறங்கிவிட்டது, திரும்ப ஏறாது. வாய் மெல்லியது என்பதால் நிறம் தெரியாமலே கெட்டிருக்கவும் கூடும்.

செய்ய வேண்டியது: நீலம் பட்ட பகுதியைக் கையால், தண்ணீர் விட்டு, கல்லில் தேய்த்து எடுப்பது. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரு மாலைப்பொழுது போகும். இதற்காகப் புதுக் கத்தி வாங்க வேண்டாம். சாணைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

உருக்கும் சூடும் இந்த மலைகளுக்குப் பழைய கதை. மத்திய மலைநாட்டின் தென்சரிவில் சமனலவெவப் பகுதியில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, துருத்தி இல்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் வைத்தே இரும்பு உலைகளை எரித்திருக்கிறார்கள். ஆய்வாளர் கில் ஜுலெஃப் அதே மாதிரி உலை ஒன்றைக் கட்டி எரித்துப் பார்த்து, கரி மிகுந்த உருக்கு வருகிறது என்று 1996இல் எழுதினார். நம் பொலித்தீன் கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறதே, அந்த ஆடிக் காற்றுத்தான்.

துரு

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1869இல் கோப்பி இலையில் வந்த ஒரு துரு நோய் மலைநாட்டின் பயிரையே மாற்றித் தேயிலையைக் கொண்டுவந்தது. கத்தியில் வரும் துரு அவ்வளவு பெரிதில்லை, ஆனால் பிடிவாதத்தில் குறைந்ததும் இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு "இந்த உருக்கு துருப்பிடிக்கவே பிடிக்காது" என்று எழுதுகிறவரின் கத்தியை வட்டவளை மழையில் ஒரு வாரம் நனைந்த காற்சட்டைப் பையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்.

கறுப்பு, நீலக் கறுப்பு, சாம்பல் நிறமாக, கையால் தடவினால் வழவழப்பாக இருந்தால் அது கெடுதல் செய்யும் துருவே இல்லை. கரி உருக்கில் தேயிலைக் குச்சி வெட்டினால், வாழைக்காய் சீவினால் இப்படி ஆகும். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேலைதான். அந்தப் படலம் ஒரு போர்வை. அதைச் சுரண்டி வெள்ளையாக்காதீர்கள். நான் புதுக் கரி உருக்குக் கத்தி வாங்கினால் முதல் வேலையாகக் கடுஞ்சாயத் தேநீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு, அலகை மட்டும் சில மணி நேரம் ஊறப்போடுவேன். கறுத்து வரும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் செந்துரு ஏறுவது குறையும், முற்றாக நிற்காது.

செம்மஞ்சளாக, தூள் தூளாக இருந்தால் அதுதான் துரு. அன்றே கண்டால் எண்ணெயும் பழந்துணியும் போதும். ஓரிரண்டு நாள் ஆகியிருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, வெட்டிய உருளைக்கிழங்கால் தேயுங்கள். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இரும்புப் பஞ்சால் தேய்க்காதீர்கள், துருப்பிடிக்காத உருக்கில் அதன் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடித்து நிற்கும்.

துருவை எடுத்த பிறகு ஊசியால் குத்திய மாதிரிக் குழி தெரிந்தால் விஷயம் வேறு. "துருப்பிடிக்காத கத்தி என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்" என்று கொண்டுவரும் கத்திகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: உர மூட்டை. பொட்டாஷ் என்று நாம் போடுவது பொட்டாசியம் குளோரைட். குளோரைட் என்றால் உப்பின் பங்காளி. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்த உருக்கை உருவாக்கிய நாளிலிருந்து, அந்த உருக்கின் பலம் மேலே தானாகப் படியும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஒக்சைட் தோல்தான். குளோரைட் அந்தத் தோலை அங்கங்கே ஓட்டை போடும். உர மூட்டையின் வாயை அறுத்துவிட்டுக் கத்தியை அப்படியே மடக்கிப் பையில் போட்டால், உள்ளே ஈரமும் பொட்டாஷ் தூளும் சேர்ந்து இரவு முழுக்க வேலை செய்யும். கருவாடு வெட்டினாலும் இதே கதை. வியர்வையும் உப்புத்தானே.

உர மூட்டை அறுத்தால் அன்றே நல்ல தண்ணீரில் கத்தியை விரித்து, அச்சுக்குள்ளும் தண்ணீர் போகும்படி கழுவுங்கள். துடைத்து, விரித்தபடியே அடுப்படியில் காயவையுங்கள். அடுப்புக்கு மேலே அல்ல, அடுப்படியில். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கத்திக்கு ஊட்டும்.

இப்போது எந்த உருக்கு என்பதற்கு வருவோம். டி2வில் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, பிறகு ஏன் துருப்பிடிக்கிறது? கரி அதிகம் என்பதால் குரோமியத்தில் பெரும்பங்கைக் கரி மணிகளே பிடித்துக்கொள்கின்றன. தோலாகப் படிய மிச்சம் இருப்பது கொஞ்சம். அதனால் அதை அரைத் துருப்பிடிக்காத உருக்கு என்பார்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட மாதங்களில் டி2 சமாளிக்கும். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைக்காரர் அதை வாங்கினால் தினமும் துடைக்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறார்.

14சி28என் இதற்கு நேர் எதிர். கரி 0.62 சதவீதம், குரோமியம் 14, அத்தோடு 0.11 சதவீதம் நைட்ரஜன். கரி செய்யும் வேலையில் ஒரு பங்கை நைட்ரஜன் எடுத்துக்கொள்வதால் குரோமியம் தோலுக்கு மிஞ்சுகிறது. கூர் டி2 அளவுக்கு நிற்காது. ஆனால் நனையும், காயும், மறுபடி நனையும், அப்படியே இருக்கும். சாதாரணக் கல்லில் தீட்டலாம், திருகினால் சட்டென்று உடையாது. மலைநாட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரே ஒரு கத்தி என்றால் நான் சொல்வது இதைத்தான். கிடைக்காவிட்டால் 12சி27. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் துருப்பிடிக்காத வகைக்கு இந்த உருக்கைத்தான் போடுகிறார்கள். அதே கத்தி கரி உருக்கிலும் வருகிறது, அதனால் வாங்கும்போது அலகில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மரப்பிடி என்பதால் மழைக்காலத்தில் பிடி ஊதி, அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். அது குறைதான், மறைக்கவில்லை.

எல்சி200என் என்று நைட்ரஜனை நம்பியே செய்த உருக்கு ஒன்றும் உண்டு. கடல் தண்ணீருக்கே அசையாது. விலையைக் கேட்டால் நாம் அசைந்துவிடுவோம். மலையில் அவ்வளவு தேவையில்லை.

வெட்டிய பழம் கறுக்கிறது, இரும்பு வாடை வருகிறது

கரி உருக்கு. புளிப்புப் பட்டதும் இரும்பு கரைகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. மேலே சொன்ன தேயிலைச் சாயப் படலம் ஏறியபின் குறையும். பிள்ளைகளுக்குக் கொய்யாவும் பேரிக்காயும் வெட்டிக்கொடுக்கத்தான் கத்தி என்றால் துருப்பிடிக்காததை வாங்குங்கள்.

காலையில் கத்தி திறக்கவில்லை, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது

இதைக் கேட்டு நான் முதலில் சிரித்தேன். பிறகு கத்தியைக் கழற்றிப் பார்த்தால் அச்சில் வெள்ளையாக மெழுகு மாதிரி. தேங்காய் எண்ணெய்! சுமார் 24 பாகைக்குக் கீழே அது உறையும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் போத்தலில் எண்ணெய் கட்டியாக நிற்பது நமக்குப் புதிதா? அச்சுக்குள் இருப்பதும் அதே எண்ணெய்தான். வெயில் ஏறியதும் உருகிக் கத்தி திறக்கிறது.

வெந்நீரும் சவர்க்காரமும் விட்டு அச்சைக் கழுவிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விடுங்கள். அலகின் மேல் தடவத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும், சாப்பாட்டுச் சாமான் வெட்டுவதற்கு அதுவே நல்லது. நாள் முழுக்கத் திறக்கச் சிரமமாக இருந்தால் கயிற்றுத் தும்பும் மண்ணும் உள்ளே அடைத்திருக்கும். பல் தீட்டும் பழைய பிரஷ் போதும். உருக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எழுதியிருப்பது ஒன்று, கத்தியின் நடத்தை வேறொன்று

அலகில் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் இருந்தால் கடைக்காரர் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. "சர்ஜிகல் ஸ்டீல்" என்பதும் அப்படித்தான், அது ஒரு குறிப்பிட்ட உருக்கின் பெயர் கிடையாது. "440" என்று மொட்டையாக இருந்தால் அடுத்து என்ன எழுத்து என்று கேளுங்கள். 440ஏ என்றால் கரி 0.7 சதவீதத்தை ஒட்டி, 440சி என்றால் 1 சதவீதத்தை ஒட்டி. இரண்டுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருக்கிறது, எழுத்தை விட்டுவிடுகிறவர் பெரும்பாலும் நல்லதை விட்டுவிட்டவர். மேலே அலை அலையாக டமாஸ்கஸ் கோலம் தெரிந்தால் வாயருகே பாருங்கள். கல்லில் தீட்டியதும் கோலம் மொத்தமாக மறைந்து, அமிலம் தொட்டாலும் திரும்பி வராவிட்டால் அது மேலே அச்சிட்ட படம்.

காந்தம் கொண்டு போகலாம். தோய்ச்சல் ஏறிய கத்தி உருக்கு, துருப்பிடிக்காததும்கூட, காந்தத்தில் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் அது சாப்பாட்டுக் கரண்டி செய்யும் தகடாக இருக்கலாம், வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டிவிட்டது என்பதற்காக நல்ல கத்தி என்று நம்பிவிடவும் வேண்டாம். வாங்கி வந்தபின் இன்னொரு சோதனை: கூரான சின்ன அரத்தை அலகின் முதுகில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், லேசாக இழுங்கள். அரம் வழுக்கிப் போனால் தோய்ச்சல் நன்றாக ஏறியிருக்கிறது. கரட் சீவுவது மாதிரி இழைத்துக்கொண்டு போனால் அலகில் எந்த எண்ணை அடித்திருந்தாலும் அது மெது.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே பெயருள்ள உருக்கு இரண்டு கைகளில் இரண்டு விதமாக வரும். 420எச்சி கேட்பதற்குச் சாதாரணம், கரி 0.45 சதவீதம்தான். தோய்ச்சலில் அக்கறை எடுத்துச் செய்கிறவர் கையில் அது 58 அளவைத் தொட்டு நன்றாக உழைக்கும். அவசரக்காரர் கையில் விலை உயர்ந்த உருக்கும் வீண். அதனால் முன்பின் தெரியாத பெயரில் வரும் மலிவான எஸ்30வியைவிட, நம்பிக்கையானவர் செய்த 12சி27 மேல் என்பது என் எண்ணம்.

பூட்டு நழுவுகிறது, அலகு ஆடுகிறது

ஆடினால் அச்சுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். திருகு இல்லாமல் ஆணி அறைந்த கத்தியென்றால் கொல்லர் ஆணித் தலையில் ஒரு தட்டுத் தட்டித் தருவார்.

பூட்டு நழுவுவது அப்படியில்லை. கத்தியை விரித்து, விரல்கள் மடங்கும் பாதைக்கு வெளியே இருக்கும்படி பிடித்து, அலகின் முதுகை மரத்துண்டில் மெதுவாக அழுத்துங்கள். மடங்கினால் முதலில் பூட்டு உட்காரும் இடத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துக் கழுவுங்கள், உலர்த்தி மறுபடி அழுத்துங்கள். மறுபடியும் மடங்கினால் பூட்டின் தகடு தேய்ந்துவிட்டது. உள்ளே எவ்வளவு நல்ல உருக்கு இருந்தாலும் அந்தக் கத்தியை இனிக் கையில் எடுக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கிடைக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். அலகு நன்றாக இருந்தால் கொல்லரிடம் கொடுத்து மடங்காத பிடி ஒன்று போட்டுக்கொள்ளலாம். நான் அப்படிப் போட்ட ஒன்று இப்போது எங்கள் வீட்டில் போஞ்சி நறுக்குகிறது.